பெயருக்கு முன்னால் நெய்வேலி

கர்நாடக இசையில் ஊர்ப்பெயர்தான் முதல் முகவரி. அரியக்குடி, செம்மங்குடி, லால்குடி என்று சபா அறிவிப்புகளில் வரிசைகட்டுபவை பெரும்பாலும் பழைய ஊர்கள். அந்த வரிசையில் சேர்ந்த இளைய ஊர் நெய்வேலி. 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கிய பின், அதன் பணியாளர்களுக்காகத் திட்டமிட்டு எழுப்பிய நகரியம் இது. இங்கே முகவரி கேட்டால் முதலில் குடியிருப்பு வட்டத்தின் (பிளாக்) எண்ணைத்தான் சொல்வார்கள்.

பாட்டு: நெய்வேலி ஆர். சந்தானகோபாலன். மதுரை டி.என். சேஷகோபாலனின் மாணவர், வீணையும் வாசிப்பவர். இவருக்கான 2020-ஆம் ஆண்டின் சங்கீத கலாநிதி விருது, கொரோனாவால் தள்ளிப்போய் 2022 டிசம்பரில் சென்னை மியூசிக் அகாடமியில் வழங்கப்பட்டது.

வயலின்: நெய்வேலி எஸ். ராதாகிருஷ்ணா.

மிருதங்கம்: நெய்வேலி ஆர். நாராயணன், நெய்வேலி பி. வெங்கடேஷ்.

ஆக, ஒரு முழுக் கச்சேரிக்கு வேண்டிய ஆட்கள் இந்த ஒரே ஊர்ப்பெயரில் இருக்கிறார்கள்!

திரை: கச்சேரி மேடைக்கு வெளியேயும் இந்த ஊர்ப்பெயர் ஒலித்தது. 2020 பிப்ரவரியில் ‘மாஸ்டர்’ படப்பிடிப்பு இங்குள்ள சுரங்கப் பகுதியில் நடந்தது. நடிகர் விஜயைப் பார்க்க வாசலில் கூட்டம் திரண்டது. அவர் ஒரு வண்டியின் மேலேறி, முதுகுக்குப் பின்னால் தலைகள் அலையடிக்க, கையை உயர்த்தி ஒரு செல்ஃபி எடுத்தார். நெய்வேலிக்கு நன்றி சொல்லி அவர் வெளியிட்ட அந்தச் செல்ஃபிதான், அந்த ஆண்டு இந்தியாவில் மிக அதிகமாக மறுபகிர்வு செய்யப்பட்ட ட்விட்டர் பதிவு.