பொதுக் களஞ்சியமும் உள்ளகப் பொதிகளும்: டெபியன் இயங்குதளத்தில் தமிழ் ஆவணப் பணி

1993இல் தொடங்கப்பெற்ற டெபியன் இயங்குதளம், மென்பொருள்களைப் பொதிகளாக்கிப் பொதுக் களஞ்சியம் வழியே வழங்குகிறது. 2023இல் வெளிவந்த அதன் 12ஆம் பதிப்பில் 64,000க்கும் மேற்பட்ட பொதிகள் உள்ளன. தமிழ் எழுத்துருக்களும் தமிழ்99 விசைப்பலகை அமைவும் அவற்றுள் அடங்கும். எனினும் ஆவணக் காப்பகம் ஒன்றன் தேவை அனைத்தும் அங்கே நிறைவுறும் எனக் கொள்வதற்கில்லை. பழங்கணக்கேடுகளில் பயிலும் முந்திரி (1/320), காணி (1/80) முதலிய பின்னக் குறிகளின் முழுத் தொகுதி யூனிகோடின் 12.0 பதிப்பில், 2019ஆம் ஆண்டிலேதான் இடம்பெற்றது. அவற்றைத் தட்டச்சிட விழையும் காப்பகம், விசைப்பலகைத் தரவுப் பொதியைத் தானே திருத்திக் கட்டிக்கொள்ள முற்படுவது இயல்பு.

இடர்ப்பாடு அதன் பின்னரே தோன்றுகிறது. பதிப்பெண்ணை மாற்றாது விட்டால், கணினியில் இருப்பது எப்படி என்பதே விளங்காது. ஆகவே பதிப்பெண்ணின் இறுதியில் கூட்டல் குறியும் ‘லோக்கல்1’ என்னும் ரோமன் எழுத்துச் சொல்லும் சேர்ப்பது பலரது வழக்கம். தீங்கற்றதாகத் தோன்றும் இவ்வழக்கில் ஒரு பொறி உண்டு. பதிப்பெண்களை ஒப்பிடுகையில் டெபியன் எழுத்துகளை அகரவரிசைப்படியே நோக்குகிறது. 12ஆம் பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் பெரும்பாலும் கூட்டல் குறியோடு ‘டெப்12யு1’ என்னும் ஒட்டைப் பெறுகின்றன. ரோமன் வரிசையில் ‘டி’ முந்தியது, ‘எல்’ பிந்தியது. எனவே உள்ளகப் பொதியே புதியதெனக் கருதப்பட்டு, பாதுகாப்புத் திருத்தம் நிறுவப்படாமலே போகும். எச்சரிக்கையும் எழாது. விசைப்பலகைத் தரவில் இது பொறுக்கத்தக்கது. இணையத்திலிருந்து பெற்ற படக்கோப்புகளைத் திறக்கும் நிரல் நூலகத்தில் அவ்வாறன்று. ‘சி’ எழுத்தில் தொடங்கும் ஒட்டைத் தேர்ந்தால் திருத்தம் தடையின்றி வந்து சேரும். அப்போது காப்பகத்தின் மாற்றத்தை மீண்டும் கட்டியாகவேண்டும்.

முன்னுரிமை எண்ணை 1000க்கு மேல் அமைத்து உள்ளகப் பொதியை நிலைநிறுத்துவோரும் உளர். அதுவும் அதே குருட்டுத்தன்மையை வேண்டுமென்றே வரவழைப்பதாகும்.

பின்னக் குறிகளைப் பொறுத்தவரை திருத்தமே தேவையற்றது. புதிய அமைவைத் தனிக் கோப்பாக, தனிப் பெயருடைய பொதியில் வைத்தால் அலுவல்முறைப் பொதியோடு மோதல் எழாது. திருத்துவதன்றி வழியில்லாத இடத்தில், மாற்றத்தை மட்டும் தனிக் கோப்பாகப் பேணி, ஒவ்வொரு புதிய வெளியீட்டின் மீதும் ஏற்றிக் கட்டுதல் வேண்டும். அதனை மூல நிரலாளர்க்கு அனுப்பி அவர்கள் ஏற்றுக்கொண்டால், உள்ளகப் பொதியை நீக்கிவிடலாம்.