கத்தி படக் கூடாத புண்!

புண்ணில் சீழ் வைத்தால் டாக்டர் என்ன செய்வார்? கீறிச் சுத்தம் செய்வார். இதுதானே நமக்குத் தெரியும்? ஆனால் கீறினால் ஆறாமல் இன்னும் பெரிதாகிற புண் ஒன்று இருக்கிறது. பெயர் 'பயோடெர்மா காங்கிரினோசம்'. வாயில் நுழையலையா? எனக்கும் முதலில் நுழையலை!

1930-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் வைத்த பெயர் இது. கிருமியால் வருகிற சீழும் அழுகலும் என்று அப்போது நினைத்தார்கள். அப்படி இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. கிருமியை விழுங்கி நம்மைக் காக்கிற வெள்ளணுக்களே தோலைத் தாக்குகின்றன. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்! பெரும்பாலும் காலில் சின்னக் கொப்புளமாக ஆரம்பித்து, சில நாளிலேயே ஊதா நிற ஓரத்தோடு ஆழமான புண்ணாகிவிடும். வலி உயிர் போகும். குடல் அழற்சி, முடக்குவாதம் உள்ளவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம்.

ஆபத்து எங்கே என்றால், இந்த நோய் உள்ள சிலருக்குத் தோலில் சின்னக் காயம் பட்டாலும் அங்கே புதுப் புண் கிளம்பும். இதற்கு 'பேதர்ஜி' என்று பெயர். கிருமிப் புண் என்று நினைத்து வெட்ட, புண் பெரிதாக, மறுபடியும் வெட்ட... கடைசியில் காலையே இழந்தவர்களும் உண்டு.

அப்போ ஆபரேஷனே கூடாதா? அப்படியும் இல்லை. வரிசைதான் முக்கியம். முதலில் ஸ்டீராய்டு, சைக்ளோஸ்போரின் போன்ற மருந்தால் அழற்சியை அடக்கணும். 2015-ல் பிரிட்டனில் வெளியான ஆய்வில், 121 நோயாளிகளிடம் இந்த இரண்டு மருந்தையும் ஒப்பிட்டார்கள். இரண்டிலுமே 6 மாதத்துக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் புண் ஆறியது. அழற்சி அடங்கியும் பெரிய புண் மூடவில்லை என்றால், மருந்தை நிறுத்தாமலே, தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்து ஒட்டுவார்கள். தோல் எடுத்த இடமும் காயம்தானே? அங்கேயும் புண் கிளம்பலாம். அதனால் இரண்டு இடத்தையும் கவனமாகப் பார்த்துக்கொள்வார்கள்.

இன்னொரு விஷயம். இது ஒட்டுவாரொட்டி நோய் இல்லை! இந்த நோய் உள்ளவர் பக்கத்தில் தாராளமாக உட்காரலாம், சேர்ந்து சாப்பிடலாம். நாம் ஒதுங்கிப் போனால் அது புண்ணைவிட அதிகமாக வலிக்கும்.

வீட்டில் யாருக்காவது ஆறாத புண் இருந்தால் பிளேடு, ஊசி எதையும் எடுக்காதீங்க. தோல் டாக்டரிடம் கூட்டிக்கிட்டுப் போங்க!