தேர்தலுக்குச் சாட்சி யார்?

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலைமேல் அமைந்திருக்கிறது கரியாலூர். நமது தேசம் 1947-ல் சுதந்திரம் பெற்றது, 1950-ல் குடியரசாயிற்று, 1951-ம் வருஷக் கடைசியில் தொடங்கிய முதற் பொதுத் தேர்தலுக்காகச் சுமார் 17 கோடிப் பேர் ஜாபிதாவில் பதிவாயினர். ஆனால் இந்த மலையிலோ பரம்பரை ஜாகீர்தார்களின் ஆதிக்கம் 1976-ம் வருஷம் வரையில் நீடித்தது. அந்த வருஷந்தான் மலை முழுமையாகச் சர்க்கார் நிர்வாகத்தின் கீழ் வந்தது. மலைவாசிகள் ஓட்டுரிமையை அனுபவிக்கலானதும் அதன் பிறகே. சமவெளியில் இருப்போர் தாத்தா காலத்துச் சொத்தைப்போல் அலட்சியமாகக் கருதும் ஓட்டு, இங்குள்ள முதியவர்கள் தம் வாழ்நாளிலேயே வரக் கண்ட புதுச் செல்வமாகும்.

இவ்வளவு தாமதித்து வந்த உரிமை உள்ளபடி பயன்பட்டதா என்று எவ்வாறு அறிவது? வென்றவரைக் கேட்டால், "தேர்தல் தர்மப்படி நடந்தது" என்பார். தோற்றவரைக் கேட்டால், "அத்தனையும் மோசடி" என்பார். வரப்புத் தகராற்றில் வாதியின் சொல்லையோ பிரதிவாதியின் சொல்லையோ மாத்திரம் நம்பி யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. இரு திறத்தாருக்கும் வேண்டாத, இரு திறத்தாருக்கும் பகையில்லாத ஒருவன் வந்து கல்லை அளந்து பார்க்கவேண்டும். தேர்தலில் அவ்வாறு அளந்து பார்ப்பவரையே பார்வையாளர் என்கிறோம்.

பழைய ஏற்பாடு

இது மேனாட்டார் நமக்குக் கற்பித்த புதுமை என்று எண்ணவேண்டுவதில்லை. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், உத்தரமேரூர்க் கோவிற் சுவரில் குடவோலை முறை பொறிக்கப்பட்டது. ஊரார் அனைவரும் கூடியிருக்க, கோவில் நம்பிமார் முன்னிலையில் குடத்தை எல்லோரும் காணும்படி தூக்கிக் காட்டவேண்டும். ஒன்றுமறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். அதை வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் ஏந்தி வாங்கவேண்டும். அவன் வாசித்த ஓலையை நம்பிமாரும் வாசிக்கவேண்டும். விரல் இடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்திருக்கலாகாது என்பதற்கு எத்தனை முன்யோசனை!

நிலமும் மனையும் வேதப் பயிற்சியும் உடையவர் பெயரே அக்குடத்தில் விழுந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. கரியாலூர் மலைவாசி போன்றவனுக்கு அங்கே இடமில்லை. ஆயினும் சோதிக்கும் முறையில் அவர்கள் கண்ட நெறி இன்றளவும் மாறவில்லை. இன்று ஓட்டுப் பதிவு தொடங்குவதற்கு 90 நிமிஷம் முன்னதாக, அபேட்சகர்களின் ஏஜெண்டுகள் பார்த்திருக்க, குறைந்தது 50 மாதிரி ஓட்டுக்களை யந்திரத்தில் போட்டு எண்ணிக் காட்டி, பிறகு அவற்றை அழித்து முத்திரை வைக்கிறார்கள். குடத்தைத் தூக்கிக் காட்டிய அதே காரியந்தான் இது.

பார்ப்பது எப்படி?

தேர்தல் தினத்தன்று காலையில் காரில் வந்து இறங்கி, வரிசையில் நிற்பவர்களைப் படம் பிடித்துக்கொண்டு, "அமைதியாக நடந்தது" என்று எழுதிவிட்டுப் போவது பார்வையாகாது. 2005-ம் வருஷம் ஐக்கிய நாடுகள் சபையில் வெளியிடப்பட்ட சர்வதேசப் பார்வையாளர் பிரகடனமும், தேர்தலை முன், நடு, பின் என்று மூன்று கட்டமாக நோக்கவேண்டும் என்கிறது.

முன் கட்டத்தில் முதலிற் பார்க்கவேண்டியது ஓட்டர் ஜாபிதா. செத்தவர் பெயர் இருக்கிறதா, உயிருள்ளவர் பெயர் விடுபட்டதா? பிழைப்புக்காக வெளியூர் சென்று திரும்பும் மலைக் கூலியாளின் பெயர் நிலைத்திருக்கிறதா? அடுத்து, எல்லாக் கட்சியாரும் அச்சமின்றிக் கூட்டம் போட முடிகிறதா, பத்திரிகைகள் ஒருதலையாகப் பேசுகின்றனவா, சர்க்கார் உத்தியோகஸ்தர் ஆளுங்கட்சிக்கு ஊழியம் செய்கின்றனரா என்பவை.

நடுக் கட்டம் ஓட்டுச் சாவடி. எல்லாச் சாவடிகளையும் பார்க்க எவராலும் ஆகாது. ஆகவே சிலவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. பெரிய ரஸ்தாவின் ஓரத்திலுள்ள சாவடிகளை மாத்திரம் பார்த்தால், ஒழுங்கான சாவடிகளை மாத்திரம் பார்த்ததாக முடியும். தருமபுரி ஜில்லாவில் கோட்டூர் மலைக்குப் பல தேர்தல்களில் ஓட்டு யந்திரம் கழுதைமேல் ஏறிச் சென்றிருக்கிறது. கழுதை போகும் இடத்துக்குப் பார்வையாளரும் போனாலன்றி அவர் சாட்சியம் பூர்த்தியாகாது. அதனால் நல்ல ஸ்தாபனங்கள் சாவடிகளைச் சீட்டுக் குலுக்குவதைப்போல் எடுக்கின்றன. குலுக்கலில் கரியாலூர் வந்தால் கரியாலூருக்கு ஏறியே ஆகவேண்டும்.

பின் கட்டம் எண்ணிக்கை. இதில் பிலிப்பைன்ஸ் தேசம் உலகுக்கு ஒரு பாடம் புகட்டியது. 1986-ம் வருஷம் பிப்ரவரியில் மார்க்கோஸுக்கும் கொராசன் அக்கினோவுக்கும் நடந்த போட்டியில், நாம்ப்ரெல் என்ற பொதுஜன சங்கம் சாவடிதோறும் கிடைத்த கணக்கைத் தானே கூட்டிப் பார்த்தது. அதில் அக்கினோ முந்தினார். சர்க்கார் கணக்கிலோ மார்க்கோஸ் முந்தினார். சர்க்கார் தரப்பில் கணக்குப் போட்ட கம்ப்யூட்டர் ஊழியர்களே மனம் பொறாமல் எழுந்து வெளியேறினர். அம்மாத இறுதிக்குள் மார்க்கோஸ் தேசத்தை விட்டே ஓடினார்.

நம் தேசத்தில்

இந்தியத் தேர்தல் கமிஷன் ஒவ்வொரு தொகுதிக்கும் வெளி மாகாணத்து உத்தியோகஸ்தர்களைப் பார்வையாளராக அனுப்புகிறது: பொது நிர்வாகத்துக்கு ஒருவர், செலவுக் கணக்குக்கு ஒருவர், போலீஸ் காரியத்துக்கு ஒருவர் என்பது ஏற்பாடு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 1996-ல் சேர்ந்த 20-பி பிரிவின்படி, சாவடி கைப்பற்றப்பட்டது போன்ற சந்தர்ப்பங்களில் எண்ணிக்கையை நிறுத்தும்படி கட்டளையிடவும் இவர்களுக்கு அதிகாரம் உண்டு. இவ்வளவு அதிகாரம் பெற்ற பார்வையாளர் உலகில் அரியர்.

ஆனாலும் இவர்கள் சர்க்கார் சம்பளம் பெறுவோரே. இலங்கையில் பாப்ரல் போன்ற பொதுஜன அமைப்புகளுக்குச் சாவடிக்குள் இருந்து பார்க்க அனுமதி உண்டு. அத்தகைய ஏற்பாடு இங்கே இல்லை. 2024-ம் வருஷத் தேர்தலுக்கு 23 தேசங்களிலிருந்து 75 பேர் வந்தார்கள். அவர்களுக்கு வைத்த பெயர் விருந்தினர் என்பதே. அந்நியரின் நற்சாட்சிப் பத்திரம் நமக்கு எதற்கு என்று அபிமானத்தோடு கேட்பாருண்டு. அவர்களுக்கு ஒரு சரித்திரம் சொல்லலாம். 1953-ல் சூடான் தேசம் தன் முதல் தேர்தலை நடத்தியபோது, பல தேசத்தார் அடங்கிய கமிஷனுக்குத் தலைமை வகித்தவர் நமது முதல் தலைமைத் தேர்தல் கமிஷனரான சுகுமார் சென். பிறர் தேர்தலுக்கு நடுநின்றவர்கள், நம் தேர்தலைப் பிறர் பார்ப்பதற்குக் கூசுவானேன்?

கண்ணுக்குத் தெரியாத குற்றம்

சாவடியில் காணமுடியாத குற்றம் ஒன்று உண்டு, அது பணம். தமிழ்நாட்டில் அரவக்குறிச்சி, தஞ்சாவூர்த் தேர்தல்கள் 2016-லும், ராதாகிருஷ்ணன் நகர் இடைத்தேர்தல் 2017-லும், வேலூர்ப் பார்லிமெண்டுத் தேர்தல் 2019-லும் பண விநியோகப் புகாரால் நிறுத்தப்பட்டன. இவற்றில் எந்த ஊரிலும் ஓட்டுப் பெட்டியை யாரும் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. ஓட்டுப் போடும் நாளில் மாத்திரம் வந்து பார்ப்பவர், "பரம சாந்தம்" என்றே எழுதியிருப்பார். இரவில் கதவைத் தட்டியவர் யார் என்பது ஊராருக்குத்தான் தெரியும். கைப்பேசி வழியாகப் புகார் அனுப்பக் கமிஷன் 2018-ல் ஒரு வசதி செய்தது நல்லதே. கைப்பேசிக்குச் சமிக்ஞை எட்டாத மலைச் சிற்றூருக்கு அது எம்மட்டில் உதவும் என்பதையும் கமிஷன் யோசிக்கவேண்டும்.

பார்வையாளரும் தவறக்கூடும். 2017 ஆகஸ்டில் கென்யா தேசத்துத் தேர்தலைப் பல சர்வதேசப் பார்வையாளர்கள் பெரும்பாலும் சரியென்று மெச்சினார்கள். செப்டம்பர் முதல் தேதியன்று அத்தேசத்துச் சுப்ரீம் கோர்ட்டு, முடிவுகளை அனுப்பிய முறையில் சட்டமீறல் கண்டு தேர்தலையே ரத்துச் செய்தது. பார்வையாளரின் கண் வரிசைகளின்மேல் இருந்தது. கோளாறோ காகிதங்களில் இருந்தது. அவசரச் சாட்சியம் அபாயமானது என்பதற்கு இதைவிட வேறு திருஷ்டாந்தம் வேண்டாம்.

நாம் செய்யக்கூடியது

காகிதமே சாட்சியானால், அந்தக் காகிதம் நம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ஓட்டுப் பதிவு முடிந்ததும், சாவடி அதிகாரி 17-சி என்னும் படிவத்தில் பதிவான ஓட்டுக்களின் தொகையை எழுதி, அங்கிருக்கும் ஒவ்வோர் ஏஜெண்டுக்கும் ஒரு பிரதி தரவேண்டும் என்பது சட்டம். எண்ணும் நாளில் அத்தொகையோடு யந்திரத்தின் தொகையை ஒத்துப் பார்க்கலாம். ஏஜெண்டு கட்சிக்காரர்தாம்; ஆனால் பகைக் கட்சியார் இருவர் கையில் ஒரே தொகையுள்ள பிரதி இருக்குமாயின், அதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது.

பட்டணத்துச் சாவடியில் நான்கு கட்சி ஏஜெண்டுகள் நெருக்கியடித்துக்கொண்டு உட்காருவார்கள். மலைச் சாவடியில் ஒருவரே இருந்தாலும், ஒருவரும் இல்லாவிட்டாலும் யாருக்குத் தெரியும்? ஆகவே எழுத்தறிந்த மலை வாலிபர்களும் பெண்களும் இப்பணிக்கு முன்வருதல் வேண்டும். ஜாபிதா வெளியாகும்போது தம் சிற்றூரின் பெயர்களை ஒவ்வொன்றாய் வாசித்துப் பார்க்கவேண்டும். விடுபட்டவர்களுக்கு மனு எழுதித் தரவேண்டும். சாவடியில் கடைசி நிமிஷம் வரையில் இருந்து பிரதியைக் கேட்டு வாங்கவேண்டும்.

கள்ளக்குறிச்சித் தொகுதியில் 2024-ம் வருஷம் நூற்றுக்குச் சுமார் 79 பேர் ஓட்டளித்தார்கள். ஜனங்கள் தங்கள் கடமையைச் செய்கிறார்கள் என்பதற்கு இது போதும். மலையேறி வந்த அந்த ஓட்டு, இட்டது இட்டபடியே கீழே இறங்கி எண்ணிக்கை மேசையைச் சேர்ந்தது என்று சொல்லக் கரியாலூரிலேயே ஒரு சாட்சி இருக்கவேண்டும். அந்தச் சாட்சி டில்லியிலிருந்து வரும்வரையில் காத்திருக்கவேண்டிய அவசியம் யாதொன்றும் இல்லை.