கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் ஓராண்டு இயக்கமும் பராமரிப்பும்

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் என்பது வீடுகள், உணவகங்கள், மருத்துவமனைகள் முதலிய இடங்களிலிருந்து பாதாளச் சாக்கடை வழியாக வரும் நீரில் உள்ள மாசுகளை நீக்கி, அதை ஆற்றில் விடவோ மறுபடியும் பயன்படுத்தவோ ஏற்றதாக மாற்றும் அமைப்பு ஆகும். சென்னையில் இப்பணியைச் சென்னைப் பெருநகர் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம் செய்கிறது. கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய நான்கு இடங்களில் நகரின் பெரிய சுத்திகரிப்பு நிலையங்கள் உள்ளன. கோயம்பேட்டில் சுத்திகரித்த நீர் கூவத்திலும், நெசப்பாக்கத்தின் நீர் அடையாற்றிலும், கொடுங்கையூரின் நீர் பக்கிங்காம் கால்வாயிலும் சேர்கின்றன.

குடிநீர் வழங்கலை ஒரு நாள் நிறுத்த வேண்டுமானால் முன்கூட்டியே அறிவித்துவிடலாம். மக்கள் குடங்களில் பிடித்து வைத்துக்கொள்வார்கள். கழிவுநீர் வருவதை அப்படி நிறுத்த முடியாது. தீபாவளி அன்றும், புயல் அன்றும், நள்ளிரவிலும் அது வந்துகொண்டே இருக்கும். எனவே இந்நிலையத்தின் எல்லாப் பழுதுபார்ப்பும் நிலையம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடக்க வேண்டும். எந்த வேலையை எந்த மாதத்தில் செய்வது என்பதைப் பருவகாலமே பெரும்பாலும் முடிவு செய்கிறது.

நிலையம் இயங்கும் முறை

உள்ளே வரும் நீர் முதலில் கம்பிச் சல்லடைகளைக் கடக்கிறது. நெகிழிப் பைகள், துணி, முடி, பூசைப் பூக்கள், அணையாடைகள் என்று சாக்கடையில் போடக்கூடாத எல்லாமே இங்கே சிக்குகின்றன. அடுத்துள்ள மணல் தொட்டியில் மணல் அடியில் தங்குகிறது. பின்னர் முதல்நிலைத் தெளிவுத் தொட்டியில் நீர் சுமார் இரண்டு மணி நேரம் அசைவின்றி நிற்கும்போது, மிதக்கும் திடப்பொருள்களில் பாதிக்கு மேல் கசடாக அடியில் படிகிறது.

கரைந்த மாசு இன்னும் நீரிலேயே இருக்கும். அதை நீக்குவது பாக்டீரியாக்களின் வேலை. காற்றூட்டுத் தொட்டியில் ஊதுபொறிகள் காற்றைச் செலுத்துகின்றன. அந்த ஆக்சிஜனைக் கொண்டு கோடானுகோடி நுண்ணுயிரிகள் மாசை உணவாக உட்கொண்டு பெருகி, பழுப்பு நிறத் திரள்களாகச் சேர்கின்றன. இரண்டாம்நிலைத் தெளிவுத் தொட்டியில் இத்திரள்கள் அடியில் தங்க, மேலே தெளிந்த நீர் வழிந்து வெளியேறுகிறது. தங்கிய உயிருள்ள கசடின் பெரும்பகுதி மீண்டும் காற்றூட்டுத் தொட்டிக்கே திருப்பி அனுப்பப்படுகிறது. தோசை மாவில் பழைய மாவைக் கொஞ்சம் சேர்த்துப் புளிக்க வைப்பதைப் போன்றதே இது.

இதற்குச் செயலூட்டப்பட்ட கசடு முறை என்று பெயர். மான்செஸ்டர் நகரில் எட்வர்டு ஆர்டெர்ன், வில்லியம் லாக்கெட் என்னும் இருவர் 1914இல் இதை வெளியிட்டனர். அவர்களுக்கு இந்த ஆய்வுக்குத் தூண்டுதலாக இருந்த கில்பர்ட் ஃபௌலர் பின்னாளில் பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார் என்பது பலர் அறியாத செய்தி.

நீரில் உள்ள மாசின் அளவை உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, சுருக்கமாக பி.ஓ.டி., என்ற அளவால் குறிப்பர். இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நிலையத்துக்கு நாளொன்றுக்கு 6 கோடி லிட்டர் கழிவுநீர் வருகிறது என்றும், ஒவ்வொரு லிட்டரிலும் பி.ஓ.டி. 250 மில்லிகிராம் என்றும் கொள்வோம். பெருக்கினால் நாளொன்றுக்கு 15 டன். மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு அறிவிக்கை பெருநகரங்களுக்கு அனுமதித்த அளவு லிட்டருக்கு 20 மில்லிகிராம். அந்த அளவில் வெளியே போவது 1.2 டன் மட்டுமே. நிலையம் ஒரு நாள் செயலிழந்தால், மீதமுள்ள 13.8 டன்னும் அன்று ஆற்றுக்குப் போய்ச் சேரும்.

அன்றாடக் கவனிப்பு

ஒவ்வொரு பணிமுறையிலும் நீர் வரத்து, கரைந்த ஆக்சிஜன், பம்புகளின் மின்னோட்டம், தாங்கு உருளைகளின் சூடு ஆகியவை பதிவேட்டில் குறிக்கப்படுகின்றன. காற்றூட்டுத் தொட்டியில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் இருக்க வேண்டும். குறைந்தால் பாக்டீரியாக்கள் திணறும். மிகுந்தால் மின்சாரம் வீணாகும். நிலையத்தின் மின்செலவில் ஏறத்தாழ பாதி காற்றூட்டுவதற்கே போகிறது.

சோதனைகளுள் மிக எளியது, பள்ளி ஆய்வகத்திலும் செய்யத்தக்கது, அரைமணிப் படிவுச் சோதனை. காற்றூட்டுத் தொட்டியின் நீரை ஒரு லிட்டர் அளவு உருளையில் ஊற்றி முப்பது நிமிடம் அசைக்காமல் வைக்க வேண்டும். கசடு 250 மில்லிலிட்டர் குறி வரை படிந்து, அந்த ஒரு லிட்டரில் உலர் கசடு 2.5 கிராம் இருந்தால், ஒரு கிராம் கசடு 100 மில்லிலிட்டர் இடத்தை அடைக்கிறது என்று பொருள். இது நல்ல நிலை. இந்த எண் 150ஐத் தாண்டினால், நூலிழை போன்ற பாக்டீரியாக்கள் பெருகிக் கசடு பஞ்சுபோல் உப்பிவருகிறது என்று அறியலாம். அனுபவமுள்ள இயக்குநர் கருவி காட்டுவதற்கு முன்பே நுரையின் நிறத்தையும் மண்வாசனையையும் கொண்டு தொட்டியின் நலத்தைச் சொல்லிவிடுவார். நல்ல தொட்டியில் புதுமழை நனைத்த மண்ணின் வாசனையே வரும். நாற்றம் வந்தால் எங்கோ காற்று போதவில்லை.

கோடை: ஏப்ரல் முதல் ஜூன் வரை

கோடையில் குடிநீர் குறைய, கழிவுநீரும் குறைகிறது. ஆனால் மாசு குறைவதில்லை. எனவே வரும் நீர் அடர்த்தியாகிறது. நகரின் ஏரிகள் வறண்ட 2019இன் கோடை போன்ற ஆண்டுகளில் இது இன்னும் கடுமையாகும்.

வெப்பம் மற்றொரு சிக்கலையும் கொண்டுவருகிறது. தூய நீரில் 20 பாகை செல்சியசில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 பாகையில் 7.5 மில்லிகிராம்தான் கரையும். அதே வெப்பத்தில் பாக்டீரியாக்கள் விரைவாகச் செயல்பட்டு மிகுதியான ஆக்சிஜனைக் கேட்கின்றன. தேவை கூடும்போது கரைதிறன் குறைகிறது. ஊதுபொறிகள் முழு வேகத்தில் ஓட, அவற்றின் காற்று வடிகட்டிகளையும் எண்ணெயையும் அடிக்கடி மாற்ற நேர்கிறது. தெளிவுத் தொட்டியில் கசடு நெடுநேரம் தங்கிவிட்டால், நைட்ரஜன் குமிழிகள் தோன்றிக் கட்டிகட்டியாக மேலே மிதக்கும். கசடைத் திருப்பி அனுப்பும் வேகத்தைக் கூட்டுவது அதற்குத் தீர்வு.

ஆனாலும் பெரிய பராமரிப்புக்கு உரிய காலம் கோடைதான். வரத்து குறைவாக இருப்பதால், ஒரு தொட்டியை நிறுத்திவிட்டு மற்றவற்றைக் கொண்டு சமாளிக்கலாம். இதைவிட முக்கியமான காரணம் தரைக்கு அடியில் இருக்கிறது. நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்திருக்கும்போது பெரிய காங்கிரீட் தொட்டியைக் காலி செய்தால், அடியிலிருந்து நீர் தரும் மேலழுத்தத்தால் தொட்டி படகைப்போல் மிதக்க முயன்று விரிசல் விடலாம். நிரம்பிய தொட்டிக்கு இந்த ஆபத்து இல்லை. உள்ளே இருக்கும் நீரின் எடையே அதை அழுத்தி வைத்திருக்கும். ஆகவே தொட்டிகள் மே, ஜூன் மாதங்களில் ஒவ்வொன்றாகக் காலி செய்யப்பட்டு, அடியில் சேர்ந்த மணல் அள்ளப்பட்டு, சுரண்டு கைகளும் சங்கிலிகளும் சரிபார்க்கப்படுகின்றன. காற்றைச் சிறு குமிழிகளாக வெளிவிடும் சவ்வுகளில் படிந்த உப்பும் பாசியும் அப்போதே நீக்கப்படுகின்றன. இந்த வாய்ப்பைத் தவறவிட்டால் அடுத்த கோடை வரை காத்திருக்க வேண்டும்.

உள்ளே இறங்குதல்

காலியான தொட்டியிலும் கிணற்றிலும்தான் மரணம் காத்திருக்கிறது. காற்றில்லாத கசடிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயு உருவாகிறது. சிறிதளவில் அது அழுகிய முட்டை நாற்றம் தரும். பத்து லட்சத்தில் ஏறத்தாழ நூறு பங்கு அளவை எட்டியதும் அது மோப்ப உணர்வையே செயலிழக்கச் செய்துவிடுகிறது. நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று நினைப்பதே உயிரைக் குடிக்கும் தவறு. காற்றைவிடக் கனமானதாகையால் இந்த வாயு குழியின் அடியில் தங்கியிருக்கும். கசடைக் கிளறினால் மேலும் வெளிப்படும்.

முதலில் இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் விழ, மூன்றாமவரும் விழுவது இத்தகைய விபத்துகளில் திரும்பத் திரும்ப நிகழ்கிறது. இதனால்தான் வாயு அளவீடு, கட்டாயக் காற்றோட்டம், உடல்பட்டை, முக்காலியில் கட்டிய கயிறு, வெளியில் நிற்கும் காவலர் ஆகியவை விதிகளாக உள்ளன. வெளியில் நிற்பவர் எக்காரணம் கொண்டும் உள்ளே குதிக்கக்கூடாது. கயிற்றை இழுப்பதே அவர் வேலை. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புக் கருவிகள் இன்றிச் சாக்கடையில் ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியது. இவ்வாறு இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் வழங்க 2014இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023இல் அத்தொகை 30 லட்சமாக உயர்த்தப்பட்டது. சட்டம் வந்த பிறகும் இறப்புகள் நிற்கவில்லை. பெரிய நிலையங்களைவிட, அவசரத்தில் ஆள் பிடித்துச் சுத்தம் செய்யும் தனியார் கட்டடங்களின் தொட்டிகளுக்கே இந்த எச்சரிக்கை மிகுதியும் தேவைப்படுகிறது.

மழைக்கு முன்: ஜூலை முதல் செப்டம்பர் வரை

இக்காலத்தில் கவனம் நிலையத்திலிருந்து தெருவுக்குச் செல்கிறது. தூர் வாரும் வண்டிகளும் நீர் பீய்ச்சும் வண்டிகளும் குழாய்களின் அடைப்பை நீக்குகின்றன. நிலையத்துக்குள் மாற்றுப் பம்புகள் உண்மையிலேயே ஓடுகின்றனவா என்று சோதிக்கப்படுகிறது. ஆண்டு முழுவதும் ஓய்வில் இருந்த பம்பு, தேவைப்படும் நாளில் துருப்பிடித்து நிற்பது அரிதன்று. டீசல் ஜெனரேட்டரையும் வெறுமனே முடுக்கிப் பார்த்தால் போதாது. முழுச் சுமையில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

கசடுக் கையிருப்பைக் குறைப்பதும் இப்போதைய வேலைதான். உபரிக் கசடு, பணியாளர்கள் 'டைஜஸ்டர்' என்று அழைக்கும் மூடிய செரிப்பானில் மூன்று வாரம் அளவில் காற்றின்றிச் செரிக்கிறது. வெளிவரும் வாயுவில் ஏறத்தாழ 60 விழுக்காடு மீத்தேன். சென்னையின் நான்கு நிலையங்களிலும் இவ்வாயுவால் எஞ்சினை ஓட்டி மின்சாரம் எடுக்கும் ஏற்பாடு உண்டு. வாயுவில் கலந்த ஹைட்ரஜன் சல்பைடை முதலில் நீக்காவிட்டால் எஞ்சின் அரித்துப்போகும். செரித்த கசடு மணற்படுகையில் பரப்பப்பட்டால் வெயிலில் சில நாட்களில் வெடித்துக் காய்ந்துவிடும். ஐப்பசி மழையில் அதே படுகை குளமாகிவிடும். எந்திரத்தால் நீரைப் பிழியும் நிலையங்களுக்கு இக்கவலை குறைவு.

வடகிழக்குப் பருவமழை: அக்டோபர் முதல் டிசம்பர் வரை

சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் இம்மூன்று மாதங்களில் பெய்கிறது. மழைநீர் வடிகாலும் கழிவுநீர்க் குழாயும் தனித்தனியானவை. ஆனால் தெருவில் தேங்கிய நீரை வடிக்க மக்கள் சாக்கடை மூடியைத் திறந்துவிடுகிறார்கள். மொட்டை மாடிக் குழாய்களைச் சாக்கடையில் இணைத்த வீடுகளும் உண்டு. வரத்து திடீரென ஏறுகிறது. நீரோடு வரும் மணல் பம்பின் சுழலியைத் தேய்க்கிறது.

இதைவிடப் பெரிய இழப்பு பாக்டீரியாக்கள் அடித்துச் செல்லப்படுவது. தெளிவுத் தொட்டியில் கசடு படியும் வேகத்தைவிட நீர் மேலேறும் வேகம் மிகுந்தால், வாரக்கணக்கில் வளர்த்த கசடு சில மணி நேரத்தில் வெளியேறிவிடும். எனவே வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது சில தொட்டிகளில் காற்றைச் சற்று நிறுத்தி, கசடை அடியில் படிய விட்டுக் காப்பாற்றுவதுண்டு. இதை நீண்ட நேரம் செய்ய முடியாது. ஒரு நாள் முழுவதும் காற்று இல்லாவிட்டால் கசடு கறுத்து நாற்றமடிக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நகரின் பல பகுதிகளில் மின்சாரம் இல்லாமற்போனது. அத்தகைய நாட்களில், ஆகஸ்டில் முழுச் சுமையில் சோதித்த ஜெனரேட்டரே பாக்டீரியாக்களின் உயிர்.

மறுபயன்பாடு

2019 முதல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் நீரை எதிர்ச்சவ்வூடு பரவல் முறையில் மேலும் தூய்மையாக்கித் தொழிற்சாலைகளுக்கு வழங்கும் ஆலைகள் இயங்குகின்றன. கொடுங்கையூரின் நீர் மணலிப் பகுதிக்கும், கோயம்பேட்டின் நீர் திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதிகளுக்கும் செல்கிறது. இதனால் நிலையத்தின் தவறுகள் உடனே வெளிப்படுகின்றன. கசடு தப்பி வந்தால் ஆறு புகார் சொல்லாது. ஆனால் விலையுயர்ந்த சவ்வு அடைபட்டு அழுத்தம் ஏறி, சில மணி நேரத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

ஜனவரி முதல் மார்ச் வரை

மழை ஓய்ந்ததும் இழந்த கசடை மீண்டும் வளர்க்க வேண்டும். அதற்குச் சில வாரங்கள் ஆகும். குறைவாக இருந்தால் மற்றொரு நிலையத்திலிருந்து லாரியில் கசடு கொண்டுவந்து விதைப்பதுண்டு. மணல் தேய்த்த சுழலிகள் மாற்றப்படுகின்றன. அளவுக் கருவிகள் திருத்தப்படுகின்றன. நிதியாண்டு மார்ச்சில் முடிவதால், உதிரிப் பாகங்களுக்கான ஒப்பந்தப் புள்ளிகள் இப்போதே முடிய வேண்டும். சவ்வும் சங்கிலியும் ஜூலையில் வந்து சேர்ந்தால் பயனில்லை. நிலத்தடி நீர் ஏறத் தொடங்கிவிடும். எனவே வரும் மே மாதத்தில் எந்தத் தொட்டியை முதலில் காலி செய்வது என்ற பட்டியல் பங்குனிக்குள் எழுதப்பட்டுவிடுகிறது.