நகையை அடகு வைத்து 'சர்டிபிகேட்' வாங்காதீர்! மருந்துக்கடைப் பையன் பார்மசிஸ்ட் ஆக நேர்வழி இருக்கு!

மாலை மணி 7. பஸ் நிறுத்தத்தை ஒட்டி ஒரு மருந்துக்கடை. கவுண்டரில் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். ஒருவர் கையில் டாக்டர் சீட்டு. இன்னொருவர் கையில் காலியான மாத்திரை அட்டை. "இதே மாதிரி இன்னொரு அட்டை குடுப்பா" என்கிறார் ஒரு பெரியவர்.

டாக்டரின் கிறுக்கல் எழுத்தை முதலாளியை விட வேகமாகப் படிப்பவன் கடைப் பையன்தான். எந்த மாத்திரை எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். 'ஓ.டி.' என்றால் தினம் ஒரு வேளை, 'பி.டி.' என்றால் இரண்டு வேளை, 'டி.டி.எஸ்.' என்றால் மூன்று வேளை. எல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம்.

ஆனால் அவன் தன் பொறுப்பில் சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுத்தால் அது குற்றம்! கடைச் சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறதே ஒரு சான்றிதழ், அதில் யார் பெயர் இருக்கிறதோ அவர் கொடுக்க வேண்டும். அல்லது அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பையனுக்கும் ஆசை உண்டு. 'அந்தச் சுவரில் நம்ம பெயர் தொங்காதா?' பிளஸ் 2 பாஸ் செய்த பையன்களுக்கு இந்த ஆசை வரும் நேரம் பார்த்துத்தான் புரோக்கர்களும் வருகிறார்கள்.

'காலேஜுக்கே போக வேணாம்!'

பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும்.

"தம்பி, எத்தனை வருஷம்தான் இப்படி அட்டைப்பெட்டி பிரிச்சுக்கிட்டு இருப்பே? பணத்தைக் கட்டு. காலேஜுக்கே போக வேணாம். பரீட்சைக்கு மட்டும் போனாப் போதும். ரெண்டு வருஷத்துல சர்டிபிகேட் வீடு தேடி வரும்."

"அண்ணே, அது செல்லுமாண்ணே?"

"செல்லாம என்னப்பா? எத்தனை பேருக்கு வாங்கிக் குடுத்திருக்கேன்!"

பையன் வீட்டில் போய்ச் சொல்வான். அப்பாவுக்கு வார வட்டிக் கடன் ஏற்கனவே கழுத்தை நெரிக்கும். அம்மா காதில் கை வைத்துப் பார்ப்பாள். "கம்மல் இருக்குடா. உன் வாழ்க்கையை விட அது பெரிசா?" என்பாள். மறுநாள் கம்மல் அடகுக் கடைக்குப் போய்விடும்.

இந்த இடத்தில்தான் ஒரு குடும்பம் நின்று யோசிக்க வேண்டும்.

சட்டம் சொல்வது என்ன?

1948ஆம் ஆண்டு பார்மசி சட்டம் வந்தது. அதன்படி டெல்லியில் இந்திய பார்மசி கவுன்சில் அமைந்தது. பார்மசி பாடம் எப்படி இருக்க வேண்டும், எந்தக் கல்லூரி நடத்தலாம் என்று முடிவு செய்வது இந்தக் கவுன்சில். படித்து முடித்தவர்களின் பெயரைப் பதிவு செய்வது மாநில பார்மசி கவுன்சில்.

டெல்லி கவுன்சில் அங்கீகரித்த கல்லூரியில் படித்தால்தான் மாநில கவுன்சில் பெயரைப் பதிவு செய்யும். பதிவு இல்லாவிட்டால் கையில் இருப்பது வெறும் காகிதம். பிரேம் போட்டு மாட்டலாம். மருந்து கொடுக்க முடியாது!

பார்மசியில் தபால் வழிப் படிப்பு என்று ஒன்று கிடையவே கிடையாது. 'வீட்டில் இருந்தே படிக்கலாம்' என்று யாராவது சொன்னால் அவர் பொய் சொல்கிறார். காமர்ஸ் குரூப் படித்தவருக்கும் சீட் வாங்கித் தருகிறேன் என்பாரா? அவரும் பொய்தான் சொல்கிறார்.

புதுக் கல்லூரிகள் புற்றீசல் போல் வருவதைப் பார்த்து, 5 ஆண்டுகளுக்குப் புதுக் கல்லூரிக்கு அனுமதி இல்லை என்று 2019ல் கவுன்சில் தடை போட்டது. கல்லூரி தொடங்க இருந்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஐகோர்ட்டுகளில் தடை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. 2022 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. ஆகவே கல்லூரிகள் கூடத்தான் செய்யும். எது நல்லது, எது போலி என்று பார்க்க வேண்டிய பொறுப்பு இப்போது பெற்றோர் தலையில்.

பார்ப்பது கஷ்டமில்லை. அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளின் பட்டியலை கவுன்சில் தனது இணையதளத்திலேயே போடுகிறது. கல்லூரி பெயர் மட்டும் இருந்தால் போதாது. எந்தப் படிப்புக்கு, எந்த ஆண்டுக்கு, எத்தனை இடங்களுக்கு அனுமதி என்று பார்க்க வேண்டும். பி.பார்முக்கு அனுமதி வாங்கிய கல்லூரிக்கு டி.பார்முக்கு அனுமதி இருக்கும் என்று சொல்ல முடியாது. பணம் கட்டுவதற்கு முன் இதைப் பார்க்க 10 நிமிஷம் போதும். பக்கத்து வீட்டுப் பையனின் செல்போனே போதும்.

மூன்று படிப்புகள்

பார்மசியில் சேர மூன்று கதவுகள் இருக்கின்றன.

முதல் கதவு டி.பார்ம். இரண்டு ஆண்டு டிப்ளமோ. அதன் பிறகு 500 மணி நேரம் நேரடிப் பயிற்சி. இது மூன்று மாதத்துக்குக் குறையாது. மருந்துக்கடை வேலைக்குப் போக நினைப்பவர்கள் பெரும்பாலும் இதில்தான் சேருகிறார்கள்.

இரண்டாவது பி.பார்ம். நான்கு ஆண்டு பட்டப்படிப்பு. மருந்துக் கம்பெனி, ஆய்வுக்கூடம், ஆஸ்பத்திரி என்று பல பக்கமும் போகலாம்.

மூன்றாவது பார்ம்.டி. ஆறு ஆண்டு. கடைசி ஓராண்டு ஆஸ்பத்திரியில் பயிற்சி. 2008ல் வந்த படிப்பு இது.

எதில் சேர்ந்தாலும் பிளஸ் 2வில் இயற்பியல், வேதியியல் இரண்டும் கட்டாயம். கூடவே உயிரியல் அல்லது கணிதம் படித்திருக்க வேண்டும்.

பணமில்லாத வீட்டுப் பிள்ளைக்கு ஒரு நல்ல சேதி. டி.பார்ம் முடித்தவர் பி.பார்மில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். முதலில் டிப்ளமோ, கொஞ்ச நாள் வேலை, கையில் நாலு காசு, பிறகு பட்டம். படிப்படியாக ஏறலாம்.

சீட் வாங்குவது எப்படி?

தமிழ்நாட்டில் பி.பார்ம் இடங்களுக்கு 2025ஆம் ஆண்டு சேர்க்கை வரை 'நீட்' மார்க் கேட்கவில்லை. பிளஸ் 2 மார்க்கைக் கொண்டுதான் தரவரிசை. சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவக் கல்வித் துறையின் தேர்வுக் குழு இதை நடத்துகிறது. விண்ணப்பம் ஆன்லைனில். 69 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியிலும் மதுரை மருத்துவக் கல்லூரியிலும் பார்மசி படிப்பு இருக்கிறது. அரசுக் கல்லூரி என்பதால் கட்டணம் தனியாரை விட மிகவும் குறைவு. அதனால் போட்டியும் அதிகம்.

டி.பார்முக்கும் அரசு இடங்கள் உண்டு. அதற்குத் தனி அறிவிப்பு வரும். பி.பார்ம் அறிவிப்போடு சேர்த்துக் குழப்பிக்கொண்டு, கடைசித் தேதியைக் கோட்டை விடக்கூடாது.

பலரும் சறுக்குவது மார்க்கில் அல்ல, காகிதத்தில்! ரிசல்ட் வந்த பிறகு சாதிச் சான்றிதழுக்கு ஓடுவது, பெயரில் ஓர் எழுத்து மாறி இருப்பதைக் கடைசி நாளில் கண்டுபிடிப்பது என்று அலைகிறார்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழ் எல்லாவற்றையும் ரிசல்ட்டுக்கு முன்பே இ-சேவை மையத்தில் மனு கொடுத்து வாங்கி வைத்துவிட வேண்டும். மார்க் பட்டியல், மாற்றுச் சான்றிதழ் நகல்களும் பத்திரமாக இருக்க வேண்டும்.

உள்ளே போனால் என்ன பாடம்?

தமிழில் படித்து வந்த பிள்ளைகளுக்கு முதல் மூன்று மாதம் தலை சுற்றும். பாடம் முழுக்க ஆங்கிலம். டி.பார்ம் முதல் ஆண்டிலேயே மருந்து தயாரிப்பு, மருந்து வேதியியல், மூலிகை மருந்தியல், உடற்கூறு என்று வரிசையாக நிற்கும். இரண்டாம் ஆண்டில் மருந்து உடம்பில் என்ன செய்கிறது என்ற பாடம், சட்டப் பாடம், ஆஸ்பத்திரிப் பாடம்.

சீட் கிடைத்த நாளில் இருந்து வகுப்பு தொடங்கும் வரை சும்மா இருக்கக் கூடாது. பிளஸ் 1, பிளஸ் 2 கரிம வேதியியலை மறுபடி புரட்ட வேண்டும். இதயம், ஈரல், சிறுநீரகம் எப்படி வேலை செய்கின்றன என்று படித்து வைக்க வேண்டும். சதவீதக் கணக்கும் விகிதக் கணக்கும் கை வர வேண்டும். மருந்து கலக்கும்போது புள்ளி ஒன்று தள்ளிப் போனால் அளவு பத்து மடங்காகிவிடும்!

வகுப்புக்குப் போகாமல் ஒப்பேற்றவும் முடியாது. வருகைப் பதிவு குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். பகலில் கல்லூரி, இரவில் கடையில் எடுபிடி வேலை என்று சமாளிக்கலாம். பகலிலும் கடை என்றால் நடக்காது.

டி.பார்ம் பாஸ் செய்தால் மட்டும் போதும் என்ற காலமும் போய்விட்டது. 2022ல் புது விதி வந்தது. டிப்ளமோ முடித்தவர்கள் தனியாக ஒரு தகுதித் தேர்வு எழுத வேண்டும். அதில் பாஸ் ஆனால்தான் பதிவு. முதல் தேர்வு 2024 அக்டோபரில் நடந்தது. மூன்று தாள். ஒவ்வொன்றிலும் 50 சதவீதம் வேண்டும். தவறினால் மறுபடி எழுதலாம். பி.பார்ம் படித்தவர்களுக்கு இந்தத் தேர்வு இல்லை.

'காலேஜுக்கே போக வேணாம்' என்ற புரோக்கர், இந்த மூன்று தாளையும் யார் எழுதுவார் என்று சொல்லவே மாட்டார்!

ஏன் இத்தனை கெடுபிடி?

'மாத்திரை எடுத்துக் கொடுக்க இத்தனை படிப்பா?' என்று கேட்பவர்கள் உண்டு.

மெத்தோட்ரெக்சேட் என்று ஒரு மாத்திரை. மூட்டு வாதத்துக்கு டாக்டர்கள் எழுதுகிறார்கள். வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்து. கடைப் பையன் பழக்கத்தில் 'தினம் ஒண்ணு' என்று அட்டையில் எழுதிவிட்டால் என்ன ஆகும்? மாத்திரை சரிதான். எழுதிய ஒரு வார்த்தைதான் தப்பு.

பெயர்க் குழப்பம் வேறு. பால்சிகோ, பால்சிடாப் என்று இரண்டு மலேரியா மருந்துகள். இரண்டு கம்பெனிகளும் பெயருக்காகச் சண்டை போட்டு சுப்ரீம் கோர்ட்டு வரை போயின. 2001ல் வந்த தீர்ப்பில், மருந்துப் பெயர் விஷயத்தில் மற்ற சாமான்களை விட அதிக எச்சரிக்கை தேவை என்று கோர்ட்டு சுட்டிக்காட்டியது.

2014 முதல் இன்னொரு கட்டுப்பாடும் இருக்கிறது. சில கடுமையான ஆன்டிபயாடிக், காசநோய் மருந்து, பழக்கமாகிவிடும் மருந்து ஆகியவற்றை விற்றால் தனி நோட்டில் எழுத வேண்டும். நோயாளி பெயர், டாக்டர் பெயர், எத்தனை மாத்திரை என்ற விவரத்தை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். இதையெல்லாம் பொறுப்போடு செய்ய ஆள் வேண்டாமா?

பாஸ் ஆன பிறகும் ஒரு வலை

நேர்வழியில் படித்துப் பதிவும் வாங்கியாகிவிட்டது. அப்போதும் ஒரு ஆள் வருவார். "நீ கடைக்கு வரவே வேணாம் தம்பி. சர்டிபிகேட்டை மட்டும் குடு. சுவத்துல மாட்டிக்கிறோம். மாசா மாசம் பணம் வந்துடும்" என்பார்.

இதுதான் சான்றிதழ் வாடகை. கேட்க இனிக்கும். ஆனால் அந்தக் கடையில் தப்பு மருந்து கொடுத்து ஒருவர் சாய்ந்தால், போலீசாரும் மருந்து ஆய்வாளரும் முதலில் பார்ப்பது சுவரில் இருக்கும் பெயரைத்தான். வாடகை வாங்கியவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். பதிவே பறிபோகலாம்.

வாடகைக்கு விடாமல் பிழைக்கவும் வழி இருக்கிறது. 2025 பிப்ரவரியில் தமிழக அரசு 1,000 'முதல்வர் மருந்தகம்' திறந்தது. டி.பார்ம், பி.பார்ம் படித்தவர்கள் தொழில்முனைவோராகக் கடை நடத்த மானியமும் அறிவித்தது. படித்த படிப்பை நம்பி வந்தவர்களுக்குத்தான் அந்த வாய்ப்பு.

ஆக, புரோக்கர் காட்டும் வழி குறுக்கு வழி அல்ல. முட்டுச் சந்து! நேர்வழிக்கு இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். தூக்கம் கெடும். ஆனால் பஸ் நிறுத்தத்துக் கடையில் அந்தப் பெரியவர் மறுபடி வந்து காலி அட்டையை நீட்டும்போது, "இருங்க பெரியவரே, இதை டாக்டர் எத்தனை நாளைக்கு எழுதிக் குடுத்தார்?" என்று கேட்கும் உரிமையும் அறிவும் அந்தப் பையனுக்கு இருக்கும்.

அம்மாவின் கம்மலும் காதிலேயே இருக்கும்.