கணினி எழும்போது யார் யாரை எழுப்புகிறார்?

உசிலம்பட்டியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அண்ணன் பிளஸ் டூ படிக்கையில் அரசு கொடுத்த மடிக்கணினி இப்போது அவர் கையில். லினக்ஸ் போட்டிருக்கிறது. பொத்தானை அழுத்திவிட்டு டீ குடித்து வந்தாலும் திரை வந்திருக்காதாம். ‘ஃபார்மட் அடிச்சிரலாம்’ என்று கடையில் சொன்னார்களாம். செய்யலாமா என்று கேட்கிறார்.

அவசரப்பட வேண்டாம் தங்கையே.

இயங்குதளத்தின் கருவான கெர்னல் எழுந்ததும் முதலில் ஒரே ஒரு நிரலை ஓடவிடும். அதன் எண் 1. அச்சு, புளூடூத், வலைத்தொடர்பு, கடிகாரம் என்று பின்னணிச் சேவைகளை எழுப்புவது அதன் வேலை. எவற்றை எழுப்ப வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரிகிறது? எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

பழைய சிஸ்டம்-ஃபைவ் முறையில் ‘ஆர்சி2.டி’ போன்ற அடைவுகள் இருக்கும். உள்ளே வெறும் சிம்லிங்குகள், அதாவது வேறிடத்தில் இருக்கும் அசல் கோப்பைக் கைகாட்டும் சின்னஞ்சிறு கோப்புகள். பெயர் ‘எஸ்20’ என்று தொடங்கினால் அந்தச் சேவையைத் தொடங்கு. ‘கே20’ என்றால் நிறுத்து. பெயர்களின் அகரவரிசைதான் எழுப்பும் வரிசை. அதனால்தான் இரண்டு இலக்கம். ‘எஸ்9’ என்று வைத்தால் அது ‘எஸ்10’-க்குப் பின்னால் போய் நின்றுவிடும். ஒரு கணினியின் காலைப்பொழுது முழுவதையும் கோப்பின் பெயரை வைத்தே நடத்தியிருக்கிறார்கள்! அசல் கோப்புகளை எந்த எடிட்டரிலும் படிக்கலாம், நிர்வாகி உரிமை இருந்தால் திருத்தலாம்.

ஒன்று முடிந்தால்தான் அடுத்தது என்பது அந்த முறையின் குறை. மேலூரில் எங்கள் பெரியம்மா வீட்டுக் கல்யாணங்களில் ஒற்றைக் கோட்டை அடுப்பில் சாம்பார் இறங்கிய பிறகுதான் ரசம் ஏறும். பந்தி காத்துக் கிடக்கும். 2010-இல் வந்த சிஸ்டம்டி பல அடுப்புகளை ஒரே நேரத்தில் பற்றவைத்தது. எது எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்பதைச் சேவையின் கோப்பிலேயே எழுதிவிடலாம். 2015-இல் வந்த டெபியன் 8 என்ற லினக்ஸ் பதிப்பு இதற்கு மாறியது. அரசு மடிக்கணினிகளில் விண்டோஸோடு வந்த, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான். அந்த மடிக்கணினியைத் திறந்துகூடப் பார்க்காமல் பரணில் போட்ட வீடுகளை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

சிஸ்டம்டியிலும் சிம்லிங்க் போய்விடவில்லை. பூட் ஆகும்போது தானாக எழும்படி ஒரு சேவையை ‘எனேபிள்’ செய்தால் ஒரு சிம்லிங்க் உண்டாகிறது. ‘டிஸேபிள்’ செய்தால் அது நீங்குகிறது. சேவையின் நிரல் அப்படியே இருக்கும். எதுவும் அழிவதில்லை என்பதால் பயப்படவும் தேவையில்லை. ஆனால் டிஸேபிள் செய்த சேவையை வேறொன்று எழுப்பிவிடலாம். அச்சுச் சேவையான கப்ஸ், தனக்கு அழைப்பு வரும் வாசலான சாக்கெட்டைத் தட்டினாலே எழுந்துவிடும். அறவே எழக் கூடாதென்றால் ‘மாஸ்க்’ செய்ய வேண்டும். அப்போது சேவையின் பெயரிலேயே ஒரு சிம்லிங்க் உண்டாகி, எதைப் போட்டாலும் விழுங்கிவிடும் ‘டெவ்/நல்’ பக்கம் கைகாட்டும்.

‘சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்’ என்று கட்டளை கொடுங்கள். எது எவ்வளவு நேரம் எடுத்தது என்று பட்டியல் வரும். முதலில் நிற்பதே குற்றவாளி என்று முடிவுகட்ட வேண்டாம். அது வலைத்தொடர்புக்காகச் சும்மா காத்திருந்திருக்கலாம். வீட்டில் பிரிண்டர் இல்லையென்றால் கப்ஸ் எதற்கு? மோடம் செருகாதவருக்கு மோடம்மேனேஜர் எதற்கு? யாரும் கேட்காத சேவைகளை எல்லார் கணினியிலும் ஏற்றி அனுப்புவது பெரிய தப்பு. நேரம் மட்டுமா போகிறது? வெளியிலிருந்து வரும் அழைப்புக்குக் காதுகொடுக்கும் ஒவ்வொரு சேவையும் திருடனுக்கு ஒரு வாசல்.

சேவைகள் தமக்குள் பேசிக்கொள்ள உதவும் டி-பஸ், வன்பொருளைக் கண்டறியும் யுடெவ் இரண்டையும் தொடாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் நிறுத்தி, நோட்டில் குறித்துக்கொண்டு, மறுபடி பூட் செய்து பாருங்கள். அப்படியும் வேகம் வரவில்லையென்றால் பழைய ஹார்ட் டிஸ்க்கை மாற்றி எஸ்எஸ்டி போடச் சொல்லுங்கள். ஃபார்மட் கடைசி வழியாகவே இருக்கட்டும்.