வெளிறிய பவளம்

லிட்டில் இந்தியாவின் நகைக்கடைகளில் சிவப்புப் பவளம் பதித்த மோதிரங்களைக் காணலாம். அந்தப் பவளம் ஒரு கடல் உயிரியின் கூடு. உயிர் போய்ப் பல ஆண்டுகள் ஆனாலும் அதன் சிவப்பு அப்படியே இருக்கும். வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் வளரும் பவளமோ வேறு வகை. அதன் கூடு வெறும் வெள்ளைச் சுண்ணாம்பு. நிறமெல்லாம் கூட்டைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சதையில்தான் இருக்கிறது.

அந்தச் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் வாழ்கின்றன. அவை ஒளியைக்கொண்டு உணவு தயாரித்து, பெரும்பகுதியைப் பவளத்திற்குக் கொடுக்கின்றன. நீர் அளவுக்குமேல் சூடானால் பவளம் பாசிகளை இழந்துவிடும். அப்போது சதை கண்ணாடிபோலத் தெளிந்து, அடியிலுள்ள வெள்ளைக் கூடு தெரியும். இதையே ‘வெளிறுதல்’ என்பர்.

வெளிறிய பவளத்தைப் பார்த்ததும், இறந்துவிட்டது என்று எடுத்து எறியத் தோன்றும். அது தவறு. அருகில் சென்று பார்க்க வேண்டும். கூட்டின்மேல் மெல்லிய சதை இருந்தால், அதிலும் சிறு கைகள் போன்ற உணர்கொம்புகள் வெளியே நீண்டால், பவளம் இன்னும் உயிரோடு இருக்கிறது; ஆனால், பட்டினி கிடக்கிறது. சதை உரிந்து கூடு மொட்டையாகி, சில நாள்களில் அதன்மேல் பச்சையாகவோ பழுப்பாகவோ பாசி படிந்தால், அந்தப் பகுதி இறந்துவிட்டது. சதை அடியிலிருந்து மேல்நோக்கி உரிந்துகொண்டே போனால் உடனே கவனிக்க வேண்டும்.

பளிச்சென்ற நிறத்தையும் அப்படியே நம்பிவிட முடியாது. சில பவளங்கள் வெளிறும்போது, கடும் ஒளியிலிருந்து தம்மைக் காத்துக்கொள்ள நீலம், இளஞ்சிவப்பு போன்ற நிறமிகளை மிகுதியாக உண்டாக்குகின்றன. பார்க்க அழகுதான்! ஆனால், யாரும் அவ்வளவாக ரசிக்காத மங்கிய பழுப்பு நிறம்தான், சதையில் பாசி நிறைந்திருப்பதைக் காட்டும்.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் உருவான ‘கோரல்வாட்ச்’ வண்ண அட்டை இதற்கு உதவும். அதில் ஒவ்வொரு நிறமும் 1 முதல் 6 வரை, வெளிறியதிலிருந்து அடர்ந்தது வரை படிப்படியாக இருக்கும். பவளத்தின் நிறத்தை அதனுடன் ஒப்பிட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். தொட்டியின் நீல விளக்கில் எல்லா நிறங்களும் மாறித் தெரியும் என்பதால் வெள்ளை ஒளியில்தான் பார்க்க வேண்டும். ஒரு நாள் பார்ப்பது போதாது. வாரந்தோறும் குறித்தால்தான் மாற்றம் புலப்படும்.

சிங்கப்பூரின் வெப்பத்தோடு விளக்கும் நீரேற்றியும் சேர்ந்து தொட்டி நீரைச் சூடாக்கும். அதனால் பலர் குளிர்விக்கும் கருவியைப் பொருத்துகின்றனர். கடலில் அதற்கு வழியில்லை. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளைப் போலவே 2024ஆம் ஆண்டிலும் சிங்கப்பூர்க் கடலில் பவளங்கள் வெளிறின. அவ்வாண்டு ஜூலை மாதத்தில் ஏறத்தாழ 44 விழுக்காடு வெளிறியிருந்தது. கடல் நீர் குளிர்ந்தபின், அக்டோபருக்குள் அவற்றுள் பெரும்பாலானவை மீண்டும் நிறம் பெற்றன. ஏறத்தாழ 7 விழுக்காட்டுப் பவளங்கள் மீளவில்லை.